சிவப்பு வளையம்

அந்த அம்மாவை முதல் பார்வையிலேயே எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் அவ்வளவு அமைதியாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, நாள் முழுக்கக் கத்துகிற பிழைப்பு. என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அது இல்லாத வண்டியில் போனாலும் என் கால் தரையை மிதித்துக்கொண்டேதான் வரும். அப்படிப்பட்டவளுக்கு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணைப் பார்த்தால் எரிச்சல் வராதா?

உட்கார்ந்திருப்பதுதான் அந்த மருத்துவமனையில் அவருக்கு வேலை. காளானிலிருந்து எடுத்த ஒரு மருந்தை அங்கே சோதனை முறையில் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சாப்பிட்டவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் படுத்திருப்பார். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். எதுவும் செய்யக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, சும்மா இருக்க வேண்டும். அந்த வேலைக்குத் ‘துணை’ என்று பெயர். இவரை எல்லோரும் துணையக்கா என்றார்கள். முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயரும் இருந்தது, ஃப்ரிட்ஜ். எப்போதும் குளிர்ச்சியாக இருப்பார், உள்ளுக்குள்ளே எப்போதும் மெல்லிய முனகல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதை நான் ஏதோ பாட்டு என்று நினைத்திருந்தேன்.

நான் அங்கே போனது என் தம்பிக்காக. அவன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல வேலைக்காரன், வாயாடி, எங்கள் வீட்டில் எனக்கு ஈடுகொடுத்துச் சண்டை போடத் தெரிந்த ஒரே ஆள். ஒரு விடுமுறை நாளில், ஆளில்லாத அலுவலகக் கட்டடம் ஒன்றில், லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மேலே நின்ற பெட்டி நழுவி இறங்கி, அவன் தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய், மறுநாள் காவலாளி வந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்தக் குழிக்குள்ளேயே கிடந்தான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் தப்பித்தான் பிழைத்தான் என்று சந்தோஷப்பட்டோம்.

ஆனால் ஏறி வந்தது என் தம்பியே இல்லை. கதவைச் சாத்தினால் நடுங்கினான். குளிக்கும்போதுகூடக் கதவு திறந்தே இருக்க வேண்டும், வாசலில் நான் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வேலையை விட்டான், என் வீட்டு முன்னறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டான். ஒருநாள், கேட்காமலே சொன்னான்.

“அக்கா, அங்க எல்லா சாமியையும் கூப்பிட்டேன். பேர் தெரிஞ்சது, தெரியாதது, எல்லாத்தையும். யாருமே இல்லக்கா. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. வெறும் இருட்டு. நாம எல்லாரும் சும்மா ஏமாந்துட்டு இருக்கோம்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லடா, பயப்படாதே” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாமா சொன்னார், என் வீட்டுக்காரர் சொன்னார், மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் சொன்னார். எல்லோரும் மாற்றி மாற்றிப் பயப்படாதே என்று சொல்லச் சொல்ல அவன் சுருங்கிக்கொண்டே போனான்.

காளான் மருந்து டாக்டர் ஒல்லியான இளைஞர், கெட்டிக்காரர். எல்லாவற்றையும் விளக்கினார். நெற்றியில் ஒரு பட்டை கட்டுவார்களாம். அது மூளையில் ஓடுகிற பயத்தையும் அமைதியையும் படித்துச் சொல்லுமாம். அதைப் பார்த்துக் காதில் ஒரு இயந்திரக் குரல் பேசுமாம். பயந்தால் தைரியம் சொல்லும், அமைதியாக இருந்தால் வாயை மூடிக்கொள்ளும். வெளியே காத்திருக்கிற குடும்பத்துக்கு போனில் ஒரு செயலி. அதில் ஒரு வளையம் தெரியும். நீலம் என்றால் அமைதி, மஞ்சள் என்றால் கலக்கம், சிவப்பு என்றால் கடும் பயம்.

“முனிவர்கள் காட்டுல வருஷக்கணக்கா உட்கார்ந்து போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஒரே பகல்ல போயிட்டு வந்துடலாம்” என்றார் டாக்டர்.

“போறது சரி டாக்டர், திரும்பி வர வண்டி இருக்கா?” என்று கேட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த துணையக்காவின் உதடு மட்டும் லேசாக அசைந்தது.

“ஒரு விஷயம்” என்றார் டாக்டர். “ஒருத்தருக்கு ஒரு தடவைதான். நடுவுல நிறுத்தினா அதோட முடிஞ்சது. சோதனை விதி அப்படி, மறுபடி தர முடியாது.”

என் தம்பி தலையாட்டினான். அவனுக்கு இதைத் தவிர வேறு வழி எதுவும் மிச்சமில்லை, எனக்கும் அது தெரியும். கிளம்பும்போது துணையக்காவிடம் நான் சற்று வெடுக்கென்றே கேட்டேன், “உங்களுக்கு இதெல்லாம் பார்த்தா பயமே வராதா?”

“பழகிடுச்சு டீச்சர்” என்றார்.

பயம் இல்லாமல் போய்ப் பழகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மருந்து கொடுக்கிற நாள் வந்தது. அறைக்குள் போவதற்கு முன் தம்பி என் கையைப் பிடித்து, “அக்கா, நான் கத்தினாலும் நிறுத்தச் சொல்லாதே. அந்தக் குழிக்குள்ள நான் திரும்பப் போயே ஆகணும். அங்க நிஜமாவே யாரும் இல்லையான்னு பார்த்துட்டு வந்துடறேன்” என்றான். நான் சரி என்றேன். வாய்தான் சொன்னது.

காத்திருக்கும் அறையில் நெகிழி நாற்காலிகள், தண்ணீர் இயந்திரம், ஒலியில்லாமல் ஓடுகிற தொலைக்காட்சி. நான் போனை மடியில் வைத்துக்கொண்டு அந்த வளையத்தையே பார்த்தேன். நீலம். கொஞ்ச நேரத்தில் மஞ்சள். என் கால் தரையை மிதித்தது. மறுபடி நீலம். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் காலைப் பார்த்துவிட்டு வேறு நாற்காலிக்கு மாறிக்கொண்டார். யாருக்கு என்ன ஆனால் எனக்கென்ன, நான் வளையத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எச்சில் விழுங்கினால்கூட அந்த நேரத்தில் நிறம் மாறிவிடுமோ என்று இருந்தது.

பிறகு சிவந்தது. மஞ்சளுக்கு வராமல் நேராகவே சிவந்துவிட்டது. மாறிவிடும், மாறிவிடும் என்று பார்த்தேன், மாறவில்லை. இன்னும் கருஞ்சிவப்பாகிக்கொண்டே போனது. போன் அதிர்ந்து எழுத்துகள் வந்தன: ‘உங்கள் உறவினர் கடும் அச்சத்தில் இருக்கிறார். நிறுத்தச் சம்மதிக்கிறீர்களா?’ கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

டாக்டர் வேகமாக வந்தார். கையில் ஊசி மருந்து இருந்த தட்டு.

“கேமராவுல பார்த்தேன்” என்றார். “கத்தல, அசையல. உறைஞ்சு போய்க் கிடக்கறார். இவ்வளவு பயத்தை இந்தப் பட்டை இதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டினதில்ல. ஊசி போட்டா தூங்கிடுவார். ஆனா இத்தோட முடிஞ்சது. நீங்க சம்மதம் தரணும்.”

“போடாட்டி என்ன ஆகும்?”

“தெரியாது. சிலருக்குப் பயம் அப்படியே தங்கிடும்.”

தெரியாதாம்! இத்தனை இயந்திரத்தை வைத்துக்கொண்டு தெரியாதாம். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. குழிக்குள் கிடந்தபோது யாரும் வரவில்லை என்றுதானே அவன் இப்படி ஆனான், இப்போது மறுபடி அங்கே கிடக்கிறான், நான் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா? நிறுத்தாதே என்று அவன் சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பிரேக் மிதித்தே பழகிய உடம்பு எனக்கு. ‘ஆம்’ என்பதை அழுத்திவிட்டேன். அழுத்திய கணமே அழுகை வந்துவிட்டது.

டாக்டர் திரும்பி நடந்தார். வரக் கூடாது என்று அவர் சொல்வதற்குள் நானும் பின்னாலேயே போய்விட்டேன்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. சின்னதாக ஒரு விளக்கு. சுவரை ஒட்டிய கட்டிலில் தம்பி போர்வையோடு படுத்திருந்தான். கண்மறைப்பு நெற்றி வரைக்கும் ஏறியிருந்தது, காதில் ஒலிக்கருவி. கீழே ஒரு பாத்திரத்தில் வாந்தி. துணையக்கா நாற்காலியின் நுனியில், கட்டிலின் மேல் பாதி கவிழ்ந்தாற்போல உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு கைகளையும் தம்பி தன் இரண்டு கைகளாலும் பிடித்து நெஞ்சோடு வைத்திருந்தான். டாக்டர் அவன் சட்டைக் கையை மேலே தள்ளினார்.

“வேண்டாம் டாக்டர்” என்றார் துணையக்கா. குரலே எழும்பவில்லை. “அது நான்.”

“என்ன நான்?”

“அவர் நல்லா இருக்கார். பயம் என்னோடது.”

அவர் தலையை நிமிர்த்தினார். பட்டை அவர் நெற்றியில் இருந்தது. வேர்வை அதன் அடியிலிருந்து வழிந்து மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பட்டை நெற்றியை விட்டுக் கழன்றால் அறைக்குள்ளேயே ஒரு எச்சரிக்கை மணி அலறும். மருந்தில் மூழ்கிக் கிடக்கிறவருக்கு அந்தச் சத்தம் இடி மாதிரி இருக்குமாம். அதனால் துணை வேலை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி பட்டையைப் பிடுங்கிவிட்டால், மணி அடிப்பதற்குள் அதைத் தன் நெற்றியில் மாட்டிக்கொள்வார்கள். ஆள் அமைதியானதும் திருப்பி மாட்டிவிடுவார்கள். டாக்டர்களுக்கு இது தெரியாது. தம்பி வாந்தி எடுக்கும்போது பட்டையைப் பிடுங்கியிருக்கிறான். இவர் ஒரு கையில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பட்டையைத் தன் தலையில் மாட்டியிருக்கிறார். பாத்திரத்தைக் கீழே வைத்ததும் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான், விடவே இல்லை.

டாக்டர் பட்டையைக் கழற்றித் தம்பி நெற்றியில் வைத்தார். என் கையிலிருந்த போனில் வளையம் நீலமானது. அவ்வளவு ஆழமான நீலத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டர் என்னை வெளியே அனுப்பினார். நான் அழுத்திய ‘ஆம்’ என்ன ஆனது என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை, அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சாயங்காலம் தம்பி எழுந்து வந்தான். முகம் கழுவினான், காரில் ஏறினான். எப்படிடா இருந்துச்சு என்று கேட்டால் பதிலில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, தொடர்ந்து வந்த நாட்களிலும் வாயே திறக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கைகால் ஓடவில்லை. கெடுத்துவிட்டோமா? அந்த அம்மாவுடைய பயம் கை வழியாக இவனுக்குள் இறங்கிவிட்டதா? மருத்துவமனைக்குப் போன் பண்ணினால், உங்கள் தம்பியின் பதிவு கெட்டுப்போனது, அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார்கள். விசாரணை நடக்கிறதாம். இத்தனை நாள் எடுத்த பதிவுகளில் எது நோயாளியின் மூளை, எது துணையின் மூளை என்றே தெரியவில்லையாம். அந்தக் குரல் இயந்திரத்துக்கும் அதையெல்லாம் காட்டித்தான் பாடம் நடத்தியிருக்கிறார்கள். துணையக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

நல்லா வேணும் என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு என் கோபம் முழுக்க அந்த ஃப்ரிட்ஜ் மேல்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வீடு தேடி வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் அப்படியே விறைத்து நின்றார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ தியானத்தில் நிற்பது போலத் தெரியும். நான் நாயை அதட்டிய பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.

“உட்காருங்க” என்றேன், அவ்வளவு மரியாதை இல்லாமல்.

“தம்பி எப்படி இருக்கார் டீச்சர்?”

“நீங்கதான் சொல்லணும். பேச்சே இல்ல.”

அவர் முகம் வெளிறிவிட்டது. “அதைத்தான் பயந்துட்டே வந்தேன். தூக்கமே இல்ல. என் பயத்தை அந்தப் புள்ள தலையில கட்டிட்டேனோன்னு.”

“அப்படிப் பயப்படறவங்க எதுக்கு இந்த வேலைக்கு வந்தீங்க?”

கேட்ட விதம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார். சின்ன வயசிலிருந்தே அப்படித்தானாம். இடி, பல்லி, பலூன், போன் மணி, எல்லாவற்றுக்கும் பயம். அப்பா வைத்த செல்லப்பெயரே பயந்தாங்கொள்ளி. கல்யாணமாகிப் போனார். வீட்டுக்காரர் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். மாமியார் மருத்துவமனையில் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக டீ குடித்துவிட்டு வருகிறேன், போன் பேசிவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டார்கள். இவர் மட்டும் பக்கத்திலேயே இருந்தார்.

“தைரியமெல்லாம் இல்ல டீச்சர். எழுந்திருக்கவே பயமா இருந்துச்சு, அதான். எனக்குப் பயம் வந்தா உடம்பு விறைச்சுப் போயிடும். அதைப் பார்த்த நர்ஸ் ஒருத்தங்க, எவ்வளவு பக்குவமா இருக்கீங்கன்னு சொல்லி அந்த வார்டுலயே வேலை வாங்கிக் கொடுத்துட்டாங்க. அங்க இருந்து இங்க வந்தேன். எல்லாரும் நான் ரொம்ப அமைதின்னு நினைச்சுட்டாங்க. இல்லன்னு சொல்லவும் பயம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை கவலைக்கு நடுவில் சிரிப்பு வந்ததே என்று என் மேலேயே கோபமும் வந்தது.

“அந்த முனகல்?” என்று கேட்டேன்.

“அது பல் நடுங்கற சத்தம் கேட்காம இருக்க.”

அப்போதுதான் தம்பி பேசினான். மூலையில் இருந்தவன் எழுந்து வந்து எங்கள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“நான் யோசிச்சுட்டு இருந்தேன் அக்கா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் பேசல” என்றான். “குழிக்குள்ள போனேன். அதே குழி, அதே கிரீஸ் வாசனை. மேல பெட்டி. சரி, இங்கதான் சாகப் போறேன்னு படுத்துட்டேன். காதுல ஒரு பொம்பளக் குரல், பயப்படாதீங்க, பயப்படாதீங்க, நீங்க பாதுகாப்பா இருக்கீங்கன்னு சொல்லிட்டே இருக்கு. நிறுத்தவே இல்ல. எனக்கு ஒரே ஆச்சரியம். ஏன்னா எனக்குப் பயமே இல்ல. அப்போ இந்தக் குரல் யார்கிட்ட பேசுது? இங்க வேற யாரோ இருக்காங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.”

அவன் துணையக்காவைப் பார்த்தான்.

“பக்கத்துல ஒரு கை. குளிர்ந்து போய், நடுங்கிட்டு. என்னைவிடப் பயந்து போய் ஒருத்தர் அந்தக் குழிக்குள்ள உட்கார்ந்திருந்தாங்க. அன்னைக்கு நான் கூப்பிட்டப்போகூட இவங்க இங்கதான் இருந்திருப்பாங்க, வாய் திறக்க முடியாம இருந்திருப்பாங்கன்னு தோணுச்சு. அது நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. ஆனா சாமின்னா நான் பயமே இல்லாத ஆளைத்தான் தேடிட்டு இருந்தேன். அப்படி யாரும் வரல. இவங்க இருந்தாங்க. இவங்களைத் தனியா விட்டுடக் கூடாதுன்னு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டேன்.”

துணையக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவனுக்கு வேண்டியது தைரியம் என்று நான் மல்லுக்கட்டியதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது.

துணையக்கா முந்தானையை எடுத்துவிட்டு, “தம்பி, ஒண்ணு சொல்லணும்” என்றார். “எத்தனையோ பேர் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன், ஒரு நாளும் எழுந்து போனதில்ல. ஆனா அன்னைக்கு, நீங்க அந்தக் குழியைப் பத்தி வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, அந்த ஜன்னலில்லாத ரூம்ல என்னால இருக்க முடியல. உங்களை விட்டுட்டு எழுந்து ஓடிடலாம்னுதான் இருந்தேன்.”

“தெரியும்” என்றான் என் தம்பி. “உங்க நாற்காலி ரெண்டு தடவை பின்னால நகர்ந்துச்சு. அதுக்கப்புறம்தான் இறுக்கிப் பிடிச்சேன்.”